வாதை, மாரி, காவல்: யாத்திராகமத் தமிழாக்கத்தில் தெய்வ அதிகாரம் – ஜவளகிரி எல்லைப்புற வழக்குகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விவிலியத்தின் யாத்திராகம நூலில் இடம்பெறும் பத்து வாதைகளின் கதை, ஒரே கடவுள் பொய்த்தெய்வங்களை வென்ற கதையாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அக்கதை தமிழுக்கு வந்தபோது அதற்கு வாய்த்த சொற்கள் இந்நிலத்தின் நோய்த்தெய்வ வழிபாட்டோடு நெருங்கிய உறவுடையவை. வாதை, கொள்ளைநோய், தேவர்கள் ஆகிய மொழிபெயர்ப்புச் சொற்களையும், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரியை உள்ளடக்கிய தமிழக–கன்னட எல்லைப்புறத்தின் மாரி வழிபாட்டையும் ஒப்பிட்டு, அக்கதையின் மையப் பூசல் தெய்வங்களின் இருப்பைப் பற்றியதன்று, காவல் உரிமையைப் பற்றியது என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: யாத்திராகமம், வாதை, மாரி, கிராம தேவதை, எல்லை, காவல், சீகன்பால்கு, விவிலிய மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இசுரவேலரை விடுவிக்குமாறு மோசே பார்வோனிடம் கேட்கிறார். அந்தக் கர்த்தர் யார், அவரைத் தான் அறியேன் என்று பார்வோன் மறுக்கிறான் (யாத். 5:2). அம்மறுப்பைத் தொடர்ந்து நீர் இரத்தமாதல், தவளை, பேன், வண்டு, கால்நடைக் கொள்ளைநோய், கொப்புளம், கல்மழை, வெட்டுக்கிளி, மூன்று நாள் காரிருள், தலைப்பிள்ளைகளின் சாவு எனப் பத்து வாதைகள் நிகழ்கின்றன. இறுதி வாதைக்கு முன்னர், எகிப்தின் தேவர்கள்மீதும் தீர்ப்பு வரும் என்ற அறிவிப்பு இடம்பெறுகிறது (12:12). எண்ணாகமமும் அதனை நினைவுகூர்கிறது (33:4).

இவ்வறிவிப்பைக் கொண்டே பத்து வாதைகளையும் பொய்த்தெய்வங்களின் வீழ்ச்சியாக வாசிக்கும் மரபு வளர்ந்தது. தமிழ்க் கிறித்தவ எழுத்தில் அவ்வாசிப்பு எகிப்தைக் கடந்து, தமிழகத்தின் கிராம தேவதைகள்மீதும் பொருத்தப்பட்டது. அப்பொருத்தம் மூலக்கதையிலிருந்து பிறந்ததா, இடையில் நுழைந்ததா என்பதே இங்கு எழும் வினா.

2. மூலக்கதை சொல்வதும் சொல்லாததும்

ஒவ்வொரு வாதைக்கும் ஓர் எகிப்தியத் தெய்வத்தை இணைக்கும் பட்டியல்கள் பரவலாக வழங்குகின்றன. நைல் வெள்ளத்தின் தெய்வமாகிய ஹாப்பி முதல் வாதைக்கும், தவளைத்தலைத் தெய்வமாகிய ஹெக்கெத் இரண்டாவதற்கும், ஆத்தோரும் ஆப்பிசு காளையும் ஐந்தாவதற்கும், கதிரவனாகிய ரா ஒன்பதாவதற்கும் உரியராகக் காட்டப்படுகின்றனர். இவற்றுள் சில இயல்பாகப் பொருந்துகின்றன. பேனுக்கும் கொப்புளத்துக்கும் தெய்வம் தேடும்போது பட்டியல் வலிந்து கூறப்படுவதாகிறது. மேலும், யாத்திராகமம் 7 முதல் 12 வரையுள்ள அதிகாரங்களில் எகிப்தியத் தெய்வம் ஒன்றன் பெயரேனும் இடம்பெறவில்லை. ‘பொய்’ என்ற அடைமொழியும் அத்தெய்வங்களுக்கு அங்குத் தரப்படவில்லை.

வாதைகளுக்குப் பின்வரும் பகுதிகளும் இதனோடு ஒத்துச் செல்கின்றன. செங்கடலைக் கடந்தபின் பாடப்படும் வெற்றிப்பாடல், தேவர்களுக்குள் கர்த்தருக்கு நிகர் எவருமில்லை என்ற கருத்தை வினாவாக முன்வைக்கிறது (15:11). மீதியான் நாட்டு ஆசாரியனாகிய எத்திரோ, எல்லாத் தேவர்களிலும் கர்த்தரே பெரியவர் என்று அறிந்துகொண்டதாகக் கூறுகிறான் (18:11). இரண்டும் ஒப்பீட்டுக் கூற்றுகள். ஒப்பிடப்படும் பொருள் இல்லை என்று மறுப்பவர் அதனோடு ஒப்பிடார். பிற தெய்வங்கள் வெறுமை என்னும் கருத்து ஏசாயா போன்ற பிற்கால நூல்களிலேயே முழுவடிவம் பெறுகிறது. வாதைக் கதையில் திரும்பத் திரும்ப வரும் வினை ‘அறிதல்’ ஆகும். பார்வோனின் அறியாமையில் தொடங்கும் கதை, அவனும் எகிப்தியரும் இசுரவேலரும் ‘அறிந்துகொள்வதை’ நோக்கி நகர்கிறது (7:5, 8:22, 9:14, 10:2).

3. தேவனும் தேவர்களும்

யாத்திராகமத்தை முதன்முதல் தமிழாக்கியோருள் தரங்கம்பாடியின் பர்த்தலோமேயு சீகன்பால்கு குறிப்பிடத்தக்கவர். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், 1719-இல் மறையும் முன் பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை மொழிபெயர்த்திருந்தார். எஞ்சிய பகுதியைப் பெஞ்சமின் சூல்ட்சே நிறைவுசெய்தார். அதே சீகன்பால்கு 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஜெர்மன் மொழியில் எழுதினார். பராபரவஸ்து, மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என நான்கு பகுப்புடைய அந்நூல் 1867-இல்தான் அச்சேறியது. ஐயனார், எல்லையம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி முதலியோரை ஊர்க்காவல் தெய்வங்களாக அது விவரிக்கிறது. அதே 1713-இல் தரங்கம்பாடியில் அச்சான அவருடைய ‘அக்கியானம்’ என்ற சிறுநூல், இவ்வழிபாடுகளை அறியாமை என்று கண்டித்தது. விவரித்தவரும் கண்டித்தவரும் மொழிபெயர்த்தவரும் ஒருவரே என்பது இவ்வாய்வுக்கு இன்றியமையாத செய்தி. எகிப்தின் தேவர்களையும் தமிழகத்தின் கிராம தேவதைகளையும் ஒரே கண்ணால் காணும் பார்வை, மூல நூலைவிட இக்கண்டன இலக்கியத்திலேயே தெளிவாக உருப்பெற்றுள்ளது.

கடவுளைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒரு நெடிய வரலாறு உண்டு. இயேசு சபையார் வழங்கிய ‘சருவேசுரன்’ என்ற சொல்லைச் சீகன்பால்குவும் ஏற்றார். பப்ரீசியுசு ‘பராபரன்’ என்றார். 19-ஆம் நூற்றாண்டின் ஐக்கியத் திருப்புதல் ‘தேவன்’ என்ற சொல்லை நிலைபெறச் செய்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்ற சொல்லைக் கொண்டது.

இவற்றுள் ‘தேவன்’ என்ற தெரிவு வாதைக் கதையில் ஒரு தனி விளைவை உண்டாக்குகிறது. தமிழில் ‘தேவர்’ என்பது பலர்பாலாகவும் உயர்வுப் பன்மையாகவும் நிற்கும். உயர்வு கருதித் ‘தேவர்’ என்றால் பல தெய்வங்கள் என்று மயங்க இடமுண்டு. இம்மயக்கத்தைத் தவிர்க்கப் பெயரை ஒருமையிலும் வினையை உயர்வுப் பன்மையிலும் அமைத்துத் ‘தேவன் சொன்னார்’ என்னும் தொடரமைப்பு வழக்குப்பெற்றது எனக் கருதலாம். இதன்படி, ‘தேவன்’ எகிப்தின் ‘தேவர்கள்’மீது தீர்ப்புச் செய்கிறார். இருபாலாரையும் வேறுபடுத்துவது எண் விகுதி மட்டுமே. ‘சருவேசுரன்’, ‘பராபரன்’ என்னும் சொற்கள் தரத்தால் உணர்த்திய வேறுபாட்டை, ‘தேவன்’ என்ற சொல் ஒருமை பன்மைகளால் உணர்த்துகிறது. மூலத்தின் ஒப்பீட்டுத் தன்மைக்கு இது நெருக்கமானது என்பது எதிர்பாராத பயன்.

4. வாதை, கொள்ளைநோய், மாரி

எபிரேய மூலத்தில் வாதையைக் குறிக்கும் சொற்களுள் முதன்மையானவை நெகா, மக்கேபா என்பன. முன்னது தொடுதல், தாக்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தும், பின்னது அடித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தும் பிறந்தவை. இரண்டும் அடிப்பவரின் செயலை முன்னிறுத்துகின்றன. தமிழ் ‘வாதை’ வடமொழி ‘பாதா’ என்பதன் வழிவந்தது. துன்புறுவோரின் நிலையை முன்னிறுத்துவது. மேலும், நாஞ்சில்நாட்டு நாட்டார் வழக்கில் ‘வாதை’ என்பது அகால மரணத்தால் தோன்றி வழிபாடு பெறும் ஆற்றல்களின் பெயராகவும் வழங்குகிறது. ஆகவே, துன்பமும் அதனைத் தரும் ஆற்றலும் ஒரே சொல்லில் அடங்கிய வழக்கொன்று மொழிபெயர்ப்புச் சொல்லுக்கு வெளியே வாழ்ந்து வருகிறது.

நோய்ப்பெயர்களில் இந்நிலை இன்னும் தெளிவாகும். பெரியம்மை ‘அம்மை’ எனப்பட்டது. கொப்புளம் ‘முத்து’ எனப்பட்டது. நோய் கண்ட வீட்டில் ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்பர். ‘மாரி’ என்பதற்கு மழை, கொள்ளைநோய், சாவு, தெய்வம் ஆகிய பொருள்கள் உள்ளன. கால்நடைகளின் வாயிலும் குளம்பிலும் புண்ணுண்டாக்கும் நோய்க்குத் தமிழ் உழவர் இட்ட பெயர் ‘கோமாரி’. ஐந்தாம் வாதையாகிய கால்நடைக் கொள்ளைநோயைக் கேட்கும் உழவர் ஒருவரின் நினைவில், நோயின் பெயரோடு தெய்வத்தின் பெயரும் எழுவது தவிர்க்கவியலாதது. எபிரேயக் கதையில் கொள்ளைநோய் கர்த்தரின் கைக்கருவி. மாரி வழக்கில் கொள்ளைநோய் தெய்வத்தின் வருகை.

5. ஜவளகிரி எல்லைப்புறம்

ஜவளகிரி கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டுப்புற ஊர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வழங்கும் நிலம். ராகிப் பயிரும் கால்நடையும் வாழ்வாதாரமாகவும், யானைக்கூட்டங்களின் வருகை ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் இடராகவும் உள்ள பகுதி. ஓசூரின் தொழிற்பேட்டைகள் வளர்ந்தபின், தென்மாவட்டத்தார் உட்படப் பலரும் வந்து குடியேறிய வட்டாரத்தின் விளிம்பில் இது அமைந்துள்ளது. நோயும் தெய்வமும் அரசெல்லையைப் பொருட்படுத்தாமல் கடந்த நிலம் இது. தமிழில் மாரியம்மன், கன்னடத்தில் மாரம்மா, தெலுங்கில் மாரெம்மா எனப் பெயர் சிறிதே திரிய, வழிபாடு பெரிதும் ஒன்றாகவே தொடர்கிறது. கன்னடத்திலும் ‘மாரி’ என்ற சொல் தெய்வத்தையும் கொள்ளைநோயையும் ஒருங்கே குறிக்கும்.

1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியது. அதன் விளைவாகவே மல்லேசுவரம், பசவனகுடி போன்ற புதிய குடியிருப்புகள் விரைந்து உருவாயின. அக்காலத்தை நினைவூட்டும் பிளேக் அம்மன் கோயில்கள் பெங்களூரிலும், பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோயம்புத்தூரிலும் இன்றும் உள்ளன. 2021-இல் கோவை இருகூர்ப் பகுதியில் கொரோனா தேவிக்குச் சிலை அமைக்கப்பட்டதும் இவ்வரிசையிலேயே அடங்கும். புதிய நோய் வரும்போதெல்லாம் அதற்குத் தெய்வப் பெயரிட்டு, வழிபட்டு, குளிர்வித்து, வழியனுப்பும் மரபு தொடர்கிறது. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்ட பின்னரும் மாரி வழிபாடு குன்றவில்லை. நோய் போயினும் காவல் தேவைப்படுகிறது என்பதே இதன் பொருள்.

இவ்வழிபாட்டின் மையக் கருத்து எல்லை. ஊரெல்லையில் பலி கொடுத்தல், காப்புக் கட்டுதல், வாசலில் வேப்பிலை செருகுதல் ஆகியன எல்லையை வரையறுக்கும் செயல்கள். நோயைத் தெய்வ உருவோடு ஊரெல்லைக்கு அப்பால் கொண்டுசென்று விடும் வழக்கத்தை, சென்னை ஆயர் ஹென்றி ஒயிட்ஹெட் 1916-இல் வெளியிட்ட தென்னிந்திய கிராமத் தெய்வங்கள் பற்றிய நூல் பதிவுசெய்கிறது.

இந்த எல்லைக் கருத்தோடு வாதைக் கதையை வாசித்தால் அதன் அமைப்பு புதிதாகத் துலங்கும். நான்காம் வாதை முதல் கோசேன் நாடு பிரித்துக் காட்டப்படுகிறது (8:22). எகிப்தியரின் கால்நடை மடிய, இசுரவேலரின் கால்நடை பிழைக்கிறது (9:6). கல்மழை கோசேனில் பெய்யவில்லை (9:26). காரிருளின்போது இசுரவேலர் குடியிருப்புகளில் வெளிச்சம் உள்ளது (10:23). வெட்டுக்கிளிகளைக் காற்று அடித்துச்சென்று செங்கடலில் தள்ளுகிறது (10:19). இறுதியில் எல்லை ஒவ்வொரு வீட்டின் வாசலுக்கும் சுருங்குகிறது: நிலைக்கால்களில் பூசிய ஆட்டுக்குட்டியின் இரத்தம் அவ்வீட்டைக் காக்கிறது (12:7, 13). தம் நாட்டு எல்லையைக் காக்க இயலாமையே எகிப்தின் தேவர்கள்மீது வந்த தீர்ப்பு.

6. ஏவலும் விலக்கலும்

எகிப்திய மந்திரவாதிகளின் பகுதி இக்கருத்தை உறுதிப்படுத்துகிறது. முதல் இரு வாதைகளையும் அவர்களும் செய்து காட்டுகின்றனர். ஆனால் அவர்கள் செய்தது வாதையைப் பெருக்கியதே. தவளைகளை நீக்கப் பார்வோன் மோசேயையே வேண்டுகிறான் (8:8). மூன்றாம் வாதையில் அவர்கள் தோற்று, இதில் தெய்வத்தின் விரல் உள்ளது என்று ஒப்புகின்றனர் (8:19). ஆறாவதில் தம் உடலில் எழுந்த கொப்புளங்களால் மோசேமுன் நிற்கவும் இயலாதவராகின்றனர் (9:11).

தமிழ் நாட்டார் வழக்கிலும் ஏவுவோர் ஒருவகையினர், விலக்குவோர் வேறுவகையினர். ஏவலும் பில்லியும் செய்வோரிடம் மக்கள் அஞ்சுவர்; விலக்கவல்ல தெய்வத்தையே ஊர்த்தெய்வமாகக் கொள்வர். தெய்வத்தின் மெய்ம்மையை விலக்கும் ஆற்றலால் அளக்கும் இவ்வழக்கு, மந்திரவாதிகளின் தோல்வியை எளிதில் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது.

7. ஒப்புமையின் எல்லை

இவ்வொப்புமையை மிகைப்படுத்துதல் கூடாது. மாரி வழக்கில் தெய்வம் குளிர்விக்கப்படுகிறது. கூழும் மஞ்சள் நீரும் அதன் சினத்தைத் தணிக்கின்றன. யாத்திராகமத்தில் படையலால் வாதை நீங்குவதில்லை. மக்களை விடுவிப்பதொன்றே பார்வோனிடம் கேட்கப்படுவது. மாரி வழக்கில் ஊர் முழுவதும் ஒரே காவலின்கீழ் நிற்கிறது. யாத்திராகமத்தில் ஒரே நாட்டுக்குள் ஆண்டானுக்கும் அடிமைக்கும் இடையில் எல்லை வரையப்படுகிறது. காவல் அடிமையின் பக்கம் நிற்கிறது. பார்வோனின் தலைப்பிள்ளை முதல் சிறையிலிருப்போனின் தலைப்பிள்ளை வரை மாண்டதாகக் கூறும் பகுதி (12:29) இத்தீர்ப்பின் கடுமையை மறைக்கவில்லை. அரண்மனையின் கொடுமைக்குச் சிறையிலிருந்தவனும் விலை கொடுத்தான் என்னும் இடர்ப்பாட்டை எந்த வாசிப்பும் எளிதில் கடந்துவிட இயலாது.

இந்நூலுக்குப் பழைய தமிழாக்கம் இட்ட பெயர் ‘யாத்திராகமம்’. திருவிவிலியம் இட்ட பெயர் ‘விடுதலைப் பயணம்’. பின்னைய பெயர் தெய்வப்போரின் நோக்கத்தைத் தலைப்பிலேயே சுட்டுகிறது. அடிமைமுறையைத் தாங்கி நின்ற காவல் தகர்ந்தது என்பதே அந்நோக்கம். அவ்வகையில், எகிப்தின் தேவர்கள் அரண்மனையின் தேவர்கள். ராகி வயலின் ஓரத்தில் கால்நடைக்கும் பிள்ளைக்கும் காவல் வேண்டி நிறுவப்பட்ட மாரியை அவர்கள் இடத்தில் நிறுத்துவது, கதையின் ஆண்டானையும் எளியோரையும் இடம் மாற்றி வாசிப்பதாகும்.

8. முடிவுரை

வாதைக் கதையில் ‘பொய்த்தெய்வம்’ என்னும் கருத்தாக்கம் சொல்லளவில் இல்லை. அக்கதை தெய்வங்களைக் காவல் ஆற்றலால் ஒப்பிடுகிறது.

அக்கருத்தாக்கம் தமிழகக் கிராம தேவதைகளுக்குப் பொருத்தப்பட்டதில், 18-ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடிக் கண்டன இலக்கியத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

‘வாதை’, ‘தேவர்கள்’ ஆகிய தமிழாக்கச் சொற்களும், ‘கோமாரி’ போன்ற வழக்குச் சொற்களும், நோயையும் தெய்வத்தையும் பிரிக்காத நாட்டார் பொருளைக் கதைக்குள் கொண்டுவருகின்றன. அப்பொருள் மூலத்தைச் சிதைப்பதினும் மிகுதியாக விளக்குகிறது.

எல்லை, வாசல், விலக்கல் என்னும் எல்லைப்புற வழக்குகள் கதையின் அமைப்பைத் தெளிவுறுத்துகின்றன. காவல் எவர் பக்கம் நிற்கிறது என்ற வினாவில் அவ்வழக்கும் கதையும் வேறுபடுகின்றன. தெய்வ அதிகாரத்தை அளக்க யாத்திராகமம் வழங்கும் அளவுகோல் அவ்வினாவே.