நூலக அறிவியல் பயில்வோருக்கு நெறியாளர்

பட்டப்படிப்பை முடிக்கும் மாணவர் எதிர்கொள்ளும் கேள்விகளுள் மிகக் கடினமானது எந்தத் தேர்வுத்தாளிலும் வருவதில்லை. "அடுத்து என்ன படிக்கலாம்?" என்பதே அக்கேள்வி. இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரை ஊர்களில் இதற்கு வீட்டில் விடை கிடைப்பது அரிது. கடலுக்குச் செல்லும் தந்தையும் கருவாடு காயவைக்கும் தாயும் பிள்ளைகளைக் கல்லூரி வரை அனுப்பியதே பெரிது. பல்கலைக்கழகத்தில் உள்ள துறைகளையும் அவை தரும் வேலைகளையும் அவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என எதிர்பார்த்தல் முறையன்று. எனவே கேள்வி ஆசிரியரிடம் வருகிறது. சில வேளை நூலகரான என்னிடமும் வருகிறது. நூலக, தகவல் அறிவியலில் மேற்படிப்புக்குச் செல்ல விரும்புவோர்க்கு நல்ல நெறியாளர் என்ன செய்வார் என்பதை ஈண்டு ஆராய்வோம். நூலகர் என்பதால் நூலகப் படிப்பையே புகழ்கிறேன் என்று எண்ண வேண்டா. இப்படிப்புக்கு வரக்கூடாதவர்களையும் நான் அறிவேன்.

நம் நாட்டில் இத்துறைக்குத் தந்தை எனப் போற்றப்படுபவர் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். அவர் நூலகராக வேண்டும் என்று பிறந்தவர் அல்லர். கணிதம் கற்றுச் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். சில நாள்களிலேயே தனிமை தாங்க முடியவில்லை. மாணவர் முகம் பார்த்துப் பழகியவருக்கு அலமாரிகளின் நடுவே பொழுது நகரவில்லை. பழைய வேலையையே தாருங்கள் என்று கேட்டுவிட்டார்.

இவ்விடத்தில் அவருக்குக் கிடைத்த விடையைக் கூர்ந்து நோக்க வேண்டும். "முடியாது" என்றோ, "சரி, வந்துவிடுங்கள்" என்றோ சொல்லி அனுப்பவில்லை. இலண்டன் சென்று நூலகப் பணியைக் கற்று வாருங்கள். திரும்பிய பின்னும் பிடிக்கவில்லை என்றால் கணிதப் பணி உங்களுக்கே என்று ஏற்பாடு செய்தனர். அறிவுரை என்றால் இதுவன்றோ அறிவுரை! கதவை அடைக்காமல், முடிவெடுக்கத் தேவையான அறிவைப் பெற்றுவர அனுப்பினார்கள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் அவருக்குப் பகுப்பு முறை கற்பித்தவர் பெர்விக் சேயர்சு. அவர் குராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகருமாவார். தம் மாணவர் வயதிலும் படிப்பிலும் முதிர்ந்தவர், வகுப்பில் குறிப்பெடுத்து மட்டும் நிறைவடையமாட்டார் என்பதை அவர் கண்டுகொண்டார். குராய்டன் நூலகத்தில் நேரில் பணி பழக வழி செய்தார். இரங்கநாதன் இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். எளிய மக்களுக்கும் நூலகம் திறந்திருப்பதையும், ஒவ்வொரு நூலகமும் தன் போக்கில் நூல்களை அடுக்கியிருப்பதையும் கண்டார். முதற்காட்சி அவருக்கு உவகை தந்தது. இரண்டாவது அவரைத் தொல்லைப்படுத்தியது. அத்தொல்லையிலிருந்தே கோலன் பகுப்பு முறை பிறந்தது எனலாம். அம்முறை 1933இல் நூலாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1931இல், நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டிருந்தார். கணித வேலையைக் கேட்டு அவர் திரும்பவே இல்லை.

நெறியாளர் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இத்துறையே சான்று. இந்தியாவில் நூலக அறிவியலில் முதல் முனைவர் பட்டம் 1950களின் பிற்பகுதியில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் டி.பி. கிருஷ்ணராவ் என்பாருக்கு இரங்கநாதனின் நெறியாள்கையில் கிடைத்தது. அடுத்த பட்டம் வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. கற்க விரும்புவோர் அந்நாளிலும் இருந்திருப்பர். நெறிப்படுத்தத் தகுதி பெற்றோர்தாம் விரல்விட்டு எண்ணத் தக்கவர்.

நம் மண்ணின் மைந்தர் அப்துல் கலாம் கதையும் இங்குப் பொருந்தும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பின்னரே, தமக்குரிய துறை பொறியியல் என்பதை உணர்ந்ததாக அவர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அவருக்கே அப்படி என்றால் நம் நிலை என்ன? பின்னர்ச் சென்னை எம்.ஐ.டி.யில் சேரத் தமக்கையார் தம் நகைகளை அடகு வைக்க நேர்ந்தது. நம் வீடுகளில் படிப்புக்கு வைக்கும் நகை ஒருமுறைதான் வைக்க முடியும். தவறான படிப்புக்கு அது போய்விட்டால் மீட்பது எளிதன்று.

இன்று வழிகள் பல. ஓராண்டு இளநிலை நூலகப் பட்டமும் அதன்பின் ஓராண்டு முதுநிலைப் பட்டமும் பெறலாம். இரண்டையும் இணைத்த ஈராண்டுப் படிப்பும் உண்டு. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே இத்துறை இருக்கிறது. பெங்களூரில் இரங்கநாதன் 1962இல் நிறுவிய ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையமும் உள்ளது. பெயர்களை எவரும் சொல்லிவிடலாம். நல்ல நெறியாளர் முதலில் மாணவரிடம் வேறொன்றைக் கேட்பார்: உனக்கு மனிதரோடு பேசப் பிடிக்குமா, கணிப்பொறியோடு அமரப் பிடிக்குமா, பழஞ்சுவடியின் தூசி தட்டப் பிடிக்குமா? மூன்றும் இப்படிப்பின் பிள்ளைகளே. ஆனால் மூன்றும் ஒருவருக்கே இனிப்பதில்லை. விடை தெரியாதவரை ஒரு மாதம் ஏதேனும் ஒரு நூலகத்தில் சேர்க்கைப் பதிவேடு எழுதச் சொன்னால் தெரிந்துவிடும்.

முனைவர் பட்டம் வரை செல்வோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் ஒரே காலத்தில் நெறியாளராக இருத்தல் கூடாது. இடம் குறைவு என்பதால் கிடைத்தவரிடம் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவர் மேற்பார்வையில் வந்த ஆய்வேடுகள் இரண்டையாவது சோத்கங்கா இணையத் தொகுப்பில் படித்துவிட்டுப் போவது நலம்.

ஆய்வுத் தலைப்பு எங்கோ இருப்பதாக எண்ணி, கல்லூரி மாணவரின் நூலகப் பயன்பாட்டையே ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எத்தனை பேர் ஆய்வது? ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழி அறிந்து, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை வானொலி மீனவர்க்காக ஒலிக்கிறது. 1947இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு நம் மண்டபத்தில்தான் இருந்தது. பின்னர் அது கொச்சிக்குப் போயிற்று. இவ்வளவு தகவலும் கரைக்கு வந்தபின் படகுவரை போய்ச் சேர்கிறதா? சேர்ந்தால் மீனவர் அதை நம்புகிறாரா, தம் அனுபவத்தையே நம்புகிறாரா? இது முழுமையான தகவல் அறிவியல் ஆய்வு.

இத்தகைய தலைப்பை எடுக்கும் மாணவர்க்குக் கரை அறிந்த நெறியாளர் ஒரு சிறு செய்தி சொல்லுவார். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுக்காரர்கள் அப்போது கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டு இருப்பார்கள். வினாநிரலோடு போய் உட்கார்ந்தால் பொறுமையாகப் பேசுவார்கள். நாட்டுப்படகுக்காரர் அப்போதும் கடலுக்குப் போவதால், அவர்களைக் காணக் கரை திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.