கடன் தீர்ந்த பிறகும் காய்ச்சல் ஏன்?

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். போன லெந்து காலத்தில், நான் சின்ன வயதில் கேட்டபடியே, "நாம் கடவுளுக்குப் பெரிய கடன்பட்டிருந்தோம், இயேசு தம் இரத்தத்தால் அதைக் கட்டித் தீர்த்தார்" என்று சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று எழும்பி, "டீச்சர், எங்கட அம்மா என்னை மன்னிக்க யாரையும் அடிக்கிறதில்லையே. கடவுளுக்கு மட்டும் ஏன் இரத்தம் வேணும்?" என்று கேட்டாள். எனக்கு வாய் அடைத்துப்போனது. வீட்டுக்கு வந்த பிறகு என் சொந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. என் அண்ணன் குடிப்பவர். எத்தனையோ தரம் முழங்காலில் நின்று அழுது ஜெபித்திருக்கிறார். மன்னிப்புக் கிடைத்தது என்று உண்மையாகவே நம்புகிறார். அடுத்த வாரம் திரும்பவும் போத்தல். கடன் கட்டியாயிற்று என்றால் அவர் ஏன் இன்னும் அப்படியே இருக்கிறார்? அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் எழும் வெறுப்பு ஏன் குறையவில்லை?
(வாசகி, குண்டசாலை)

பதில்: மகள், முதலில் அந்தப் பிள்ளைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அவள் கேட்டதை 4ஆம் நூற்றாண்டில் நசியான்சுவின் கிரகோரி என்ற ஆயர் தமது உயிர்த்தெழுதல் திருநாள் பிரசங்கம் ஒன்றில் கேட்டிருக்கிறார். இந்த இரத்தம் யாருக்குச் செலுத்தப்பட்டது? பிசாசுக்கு என்றால், கொள்ளைக்காரனுக்கா கடவுள் விலை கொடுப்பார் என்று அதைத் தள்ளிவிட்டார். பிதாவுக்கு என்றால், ஆபிரகாம் ஈசாக்கைக் கிடத்தியபோதே வேண்டாம் என்று தடுத்தவர் தம் ஒரே குமாரனின் இரத்தத்திலா மகிழ்வார் என்று கேட்டார். பிதா அதைக் கேட்டதுமில்லை, அது அவருக்குத் தேவையாயிருந்ததுமில்லை. மனிதனானவர் உள்ளிருந்தே மனிதனைப் பரிசுத்தமாக்க வேண்டியிருந்தது, அதனால்தான் பிதா அதை ஏற்றுக்கொண்டார் என்பதே கிரகோரி வந்து சேர்ந்த இடம். ஆகவே அந்தப் பிள்ளையை "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று உட்கார வைத்துவிடாதீர்கள். அவள் ஒரு பெரிய வேத ஆசிரியரின் பக்கத்தில் நிற்கிறாள்.

நீங்கள் சொல்லிக்கொடுத்ததும் பொய் இல்லை. மத்தேயு எழுதிய பரமண்டல ஜெபத்தில் 'கடன்' என்ற சொல்லே இருக்கிறது. 1098இல் கன்ரபரியின் அன்செல்ம் எழுதி முடித்த நூல் ஒன்று அந்த உவமையை மேற்கத்தைய சபைகளின் நெஞ்சில் ஊன்றியது. பிறகு வந்த சீர்திருத்தக்காரர்கள் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள்: நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார். அதிலும் ஆறுதல் உண்டு. ஆனால் அது ஓர் உவமை. அதையே முழு உண்மை என்று பிடித்துக்கொள்ளும்போதுதான் உங்கள் அண்ணனுக்குப் பதில் இல்லாமல் போகிறது.

ஏன் என்று நம் முன்னோர் பட்ட கடனை வைத்தே சொல்கிறேன். உங்கள் குடும்பம் தோட்டத்திலிருந்து வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கண்டிச் சீமையில் இருக்கும் நம்மில் பலருடைய பூட்டன், பூட்டி லயத்துக்கு வந்தவர்கள்தான். அவர்கள் கடனோடுதான் கப்பல் ஏறினார்கள். வழிச்செலவு கங்காணியின் கணக்கில் ஏறியது. அரிசி, கம்பளி, கல்யாணம், கருமாதி எல்லாம் அதன் மேல் ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் இவ்வளவு கடன் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தத் தொகையைக் கட்டும் துரைக்கு ஆட்கள் கைமாறுவார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

துண்டைக் கிழித்துப் போட்டாயிற்று. ஆனால் அந்த மனிதர்களின் வயிற்றுக்குள் இருந்தது என்ன? கொளுக்கிப்புழு. வெறுங்காலோடு நிற்கும்போது மண்ணிலிருந்து தோலைத் துளைத்து ஏறி, சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், மலை ஏறக் கால் வராது. அதைச் சோம்பல் என்று திட்டியவர்களும் உண்டு. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் அதற்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே இன்னொன்றும் தெரிய வந்தது. மருந்தால் புழு விழுந்தாலும், மலசலகூடம் இல்லாத லயத்தில், அதே மண்ணில், வெறுங்காலோடு நடந்தால் புழு திரும்பவும் ஏறும்.

இதைப் படித்த நாளிலிருந்து நான் சிலுவையைப் பிரசங்கிக்கும் விதம் மாறிவிட்டது. அதற்கு முன் பல வருடங்கள் துண்டு கிழிந்ததை மட்டுமே பிரசங்கித்தேன். அது நற்செய்திதான். ஆனால் கடன் இல்லாத சோகை நோயாளி இன்னும் சோகை நோயாளிதான்.

அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 4ஆம் நூற்றாண்டில் இதை நேராகவே எடுத்துப் பேசினார். மனிதன் செய்தது வெறும் குற்றம் என்றால் மனந்திரும்பினால் போதுமே, கடவுளும் மன்னித்திருப்பாரே என்கிறார். மன்னிப்பு கடவுளுக்குக் கஷ்டமாயிருக்கவில்லை. ஆனால் குற்றத்தோடு அழிவும் மனித இயல்புக்குள் புகுந்துவிட்டது. மனந்திரும்புதல் இனிமேல் செய்யாமல் நிறுத்தலாம். உள்ளே பிடித்த அழுகலை அதனால் எடுக்க முடியாது. உங்கள் அண்ணன் முழங்காலில் நின்று அழுதது பொய்யில்லை, மகள். அந்தக் கண்ணீர் மெய். அதனால் செய்ய முடிந்ததை அது செய்தது.

அத்தனாசியு ஓர் உவமை சொல்வார். பலகையில் தீட்டிய ஒருவருடைய உருவம் அழுக்கேறி அழிந்துபோனால் பலகையை யாரும் எறிவதில்லை. யாருடைய படமோ அவரே திரும்ப வந்து உட்கார வேண்டும். அதே பலகையில் அதே முகத்தைப் புதுப்பிப்பார்கள். கடவுளின் சாயலில் தீட்டப்பட்ட பலகை நாம். வார்த்தையானவர் வந்து உட்கார்ந்தார்.

இதிலிருந்துதான் கிரகோரியின் பெயர்பெற்ற வாதமும் பிறந்தது. கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, மனித மனம் கிடையாது, அந்த இடத்தில் தெய்வ வார்த்தையே இருந்தது என்று அப்பொலினாரியு என்ற ஆயர் போதித்தார். கிளெதோனியு என்ற குருவுக்கு எழுதிய கடிதத்தில் கிரகோரி அதை மறுத்தார்: அவர் எதை எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகாமலே கிடக்கும். விழுந்தது மனிதனின் மனமும்தான் என்றால் மனத்தையும் அவர் எடுத்திருக்க வேண்டும். பசி, பயம், சோதனை, கெத்செமனேயின் வியர்வை, கடைசியில் சாவு, எல்லாவற்றுக்குள்ளும் அவர் இறங்கியது அதற்காகத்தான். அண்ணனின் நடுங்கும் கையும் அவர் எடுத்துக்கொண்ட இயல்புக்குள்தான் இருக்கிறது. உங்கள் வெறுப்பு கிடக்கும் மனமும் அதற்குள்தான்.

கண்டிக்கு இது தெரியாத கதையல்ல. 1697இல் கண்டி நகரில் அம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டுப் போனார்கள், சொந்தக்காரர்களே நோயாளிகளைக் கைவிட்டார்கள். கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனாகிய குரு ஜோசப் கர்வாலியோவும் போகவில்லை. வீடு வீடாகப் போய்ப் புண்களைக் கழுவினார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். சில வருடங்களுக்கு முன் ஒற்றன் என்று சிறைவைக்கப்பட்டவர் வாஸ். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே காலமானார். அப்போது அரியணையில் இருந்தவன் உங்கள் குண்டசாலையில் அரண்மனை கட்டி வாழ்ந்த நரேந்திரசிங்கன். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். நாம் மெதடிஸ்தர் என்பதற்காக இந்த மனிதரை விட்டுவிட வேண்டியதில்லை. வெளியே நின்று 'உன்னை மன்னித்தேன்' என்று சொல்லும் வைத்தியர் யாருக்கும் உதவமாட்டார். வாஸ் நோய் இருந்த வீட்டுக்குள் போனார். கிறிஸ்து இன்னும் ஒரு படி கீழே இறங்கி, நோய் கொண்ட அந்த உடம்பையே தம்முடையதாக்கினார்.

ஏன் 'மனித இயல்பு' என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆளுக்கு ஆள் பாவம் தனித்தனிதானே என்று கேட்பீர்கள். 2018 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. உங்கள் வீட்டிலிருந்து புகை தெரிந்திருக்கும். நெருப்பு வைத்த எல்லாரும் தாய் வயிற்றிலேயே கொடியவர்களாகவா பிறந்தார்கள்? வெறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியது. தண்டனை அவசியம், நீதி அவசியம், அதை நான் குறைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தண்டனை கொடுத்து முடித்தாலும் அந்தக் காய்ச்சல் மண்ணில் இருக்கும். மண்ணையும் சேர்த்துக் குணமாக்குவது பற்றித்தான் வேதம் பேசுகிறது.

இப்போது இரத்தத்துக்கு வருகிறேன். நம் வேதாகமத்தில் வரும் 'பாவநிவிர்த்தி' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிவிர்த்தி என்றால் நீங்குதல், கட்டணம் அல்ல. லேவியராகமம் 16இல் பலிபீடத்துக்கும் பரிசுத்த ஸ்தலத்துக்கும் இரத்தம் தெளித்துப் பிராயச்சித்தம் செய்யச் சொல்லியிருக்கிறது. 14ஆம் அதிகாரத்தில் பூஞ்சணம் போன்ற தோஷம் பிடித்த வீட்டுக்கும் உண்டு. பலிபீடம் எந்தக் கடன் பட்டது? வீட்டுச் சுவருக்கு யார் தண்டனை கொடுப்பார்? அங்கே இரத்தம் கழுவுகிறது, உயிரால் அழுக்கை நீக்குகிறது. இரத்தத்தில் உயிர் இருக்கிறது என்று 17ஆம் அதிகாரம் காரணமும் சொல்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'இரட்சித்தல்', 'குணமாக்குதல்' இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் வரும். பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள பெண்ணிடம் இயேசு சொன்னதிலும் அந்தச் சொல்தான். சிரியாக் மொழி வேதாகமத்தில் இரட்சிப்புக்கு வருவதே 'உயிர்' என்ற சொல். அந்த மொழியில் ஜெபித்த பாரசீகக் கிறிஸ்தவர்கள் 6ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் இருந்தார்கள் என்று கொஸ்மாஸ் என்ற பயணி எழுதிவைத்திருக்கிறார். 1912இல் அனுராதபுரத்தில் அகழ்ந்தெடுத்த சிலுவையை அவர்களோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். திருவிருந்தை அவர்கள் 'உயிரின் மருந்து' என்பார்கள்.

இது வேறு சபைகளின் சரக்கு என்று யாராவது சொன்னால், நம் மெதடிஸ்த சபையைத் தொடக்கிய ஜோன் வெஸ்லியைக் காட்டுங்கள். 1759இல் அவர் வெளியிட்ட 'ஜென்ம பாவம்' என்ற பிரசங்கத்தில், கிறிஸ்துவின் மார்க்கம் நோயுற்ற ஆத்துமாவைக் கடவுள் குணமாக்கும் முறை என்று, கிரேக்க வைத்தியச் சொல்லையே எடுத்து விளக்குகிறார். 1747இல் ஏழைகளுக்காக வீட்டு வைத்தியப் புத்தகம் வெளியிட்டவரும் அவரே.

இரண்டு எச்சரிக்கைகள். பாவம் ஒரு நோய் என்பதைத் திருப்பிப் போட்டு, நோய் ஒரு பாவம் என்று ஆக்கிவிடாதீர்கள். பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் அப்படிக் கேட்டபோது இயேசு மறுத்தார் (யோவான் 9). அடுத்தது, அடிக்கிற கை "நான் நோயாளி" என்று தப்பித்துக்கொள்ளக் கூடாது. அண்ணன் வீட்டில் யாரையாவது அடிக்கிறாரென்றால், அடிபடுகிறவரின் பாதுகாப்புத்தான் முதல் வைத்தியம்.

அண்ணனிடம் "நீ சரியாக மனந்திரும்பவில்லை" என்று இனிச் சொல்லாதீர்கள். குடி நோய்க்கு வைத்தியம் உண்டு. கண்டி வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. நாள்பட்டுக் குடிப்பவர் வைத்தியரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நேர்த்தி வைத்து ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாமல், கூட்டிக்கொண்டு போங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. அவர் இடையில் தவறுவார். தவறிய நாளிலும் திருவிருந்துக்கு அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அதே மண்ணில் புழு திரும்ப ஏறும் என்று மாத்தளையில் கண்டார்களே, அவருடைய லயத்து மண் உங்கள் குடும்பமும் சபையும்தான். உங்கள் வெறுப்பும் அங்கேதான் குணமாகும், மெதுவாக. அதற்காக உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிறு பாடசாலைக்கு ஒரு யோசனை. பிள்ளைகளை ஒரு நாள், முன்கூட்டியே அனுமதி கேட்டு, கண்டி ட்ரினிட்டி கல்லூரி ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்களில் நல்ல சமாரியனும் உண்டு. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத ஆசிரியர், தமக்கு முன்னிருந்த மூப்பர் ஒருவர் சொன்னதாக, அந்தக் கதைக்கு ஒரு விளக்கம் தருகிறார்: அடிபட்டுக் கிடப்பவன் ஆதாம், சமாரியன் கிறிஸ்து, அவனைச் சுமந்த மிருகம் ஆண்டவரின் உடல், சத்திரம் சபை. காயப்பட்டவனிடம் சமாரியன் கணக்குக் கேட்கவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரத்தில் விட்டு, செலவுக்குப் பணமும் கொடுத்து, திரும்பி வருவேன் என்று சொல்லிப் போகிறான். கதை முடியும்போது அந்த மனிதன் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறான். பிள்ளைகள் அந்த ஓவியத்தை நன்றாகப் பார்க்கட்டும். கேள்வி கேட்ட பிள்ளையை முன்னால் நிற்கவைத்து, "இதில் இரத்தம் யாருடையது, கழுவுகிறவர் யார்?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.