ஒரு செமஸ்டர் திருச்சியில்

வேறொரு கல்லூரியில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரலாம், கிரெடிட் இங்கேயே சேரும் என்று துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று, வகுப்பில் பாதிப் பேர் தரவரிசைப் பட்டியலைத் திறந்துவிட்டார்கள். எது பெரிய காலேஜ், எதற்கு நாக் கிரேடு அதிகம், எந்தப் பெயர் ரெஸ்யூமில் எடுப்பாக இருக்கும்? முழுப் படிப்புக்குச் சேருகிறவர் இதையெல்லாம் பார்ப்பது நியாயம். ஐந்து மாதத்துக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது வேறு. நம் ஊரில் எவ்வளவு அலைந்தாலும் கிடைக்காத எது அந்த ஊரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லையென்றால் வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போவானேன்?

நான் ராமநாதபுரம் மாவட்டம், முதுகலைத் தாவரவியல். எங்கள் பக்கம் பனை, உடை, சீமைக்கருவேலம், கடலோர உவர்நிலச் செடிகள் எல்லாம் அத்துப்படி. வைகையில் தண்ணீர் வந்தால் அது செய்தி. ஆற்றுப்படுகைத் தாவரங்களைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். திருச்சியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் என்று ஒரு தீவே இருக்கிறது. மாவட்டத்தின் வடக்கே பச்சைமலை. தோகைமலை சாலையில், 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம். செயின்ட் ஜோசப் கல்லூரி வளாகத்தில் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரிப்பு. இந்த நாலும் ஒரே ஊரைச் சுற்றி இருந்ததால் பட்டியலைப் பார்க்காமலே படிவத்தை நிரப்பினேன். நான் சேர்ந்தது இன்னொரு கல்லூரியில்.

எங்கள் மாவட்டத்திலிருந்து திருச்சிக்குப் படிக்கப் போகிறேன் என்றால் எதிரில் இருப்பவர் கலாம் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார். செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் படித்து 1954-ல் முடித்தவர் அவர். ஸ்ரீரங்கத்துக்காரரான எழுத்தாளர் சுஜாதாவும் அதே கல்லூரி. அந்தக் கல்லூரியே வெளியூர்தான். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் இங்கே குடிவந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையும் பின்னாளில் அதே நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்ததுதான். வந்தவர்களை வைத்து வாழப் பழகிய ஊர்.

இனி காகித வேலை. சலிப்பான சமாசாரம், ஆனால் இதில் கோட்டை விட்டால் படித்தது கணக்கில் வராது. பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் கொண்டுவந்த ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ விதிகளின்படி, பதிவு செய்த ஒரு நிறுவனத்தில் சம்பாதித்த கிரெடிட்டை இன்னொன்றுக்கு மாற்றலாம். டிஜிலாக்கர் வழியாக ஏபிசி எண் வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் கிரெடிட்டை ஏற்றுவது கல்லூரிதான். மாணவர் தானாகப் போட முடியாது. பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும். சேர்த்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டு செல்லும். இரண்டு கல்லூரிகளும் பதிவு செய்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பதிவு இருந்தால் மட்டும் போதாது, இரண்டுக்கும் நடுவே ஒப்பந்தமும் வேண்டும்.

அமெரிக்காவில் 1968 முதல் ‘நேஷனல் ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச்’ என்ற அமைப்பு இதையே வேலையாகச் செய்கிறது. ஸ்பெயினில் நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று மாணவர் கிளம்புமுன்பே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும். நம் ஊரில் அந்த ஈட்டுப் பட்டியலைப் போடும் வேலையும் நம் தலையில்தான். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து ஈடு என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் கல்லூரியில் வகைப்பாட்டியல் நாலு கிரெடிட்; திருச்சியில் அதே பெயரில் மூன்று. யூனிட் யூனிட்டாக இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொதுவானதைக் கோடிட்டு எச்ஓடியிடம் கொண்டுபோனால், பாடத்திட்டக் குழு ஒப்புக்கொள்ள வசதியாக இருக்கும். குறைகிற ஒரு கிரெடிட்டை, அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடம் ஒன்றை எடுத்து ஈடுகட்டலாம், கல்லூரி சம்மதித்தால். அது ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறைதான் தொடங்கும் என்பதால் செமஸ்டர் பாதியில் ஞாபகம் வந்து பயனில்லை. துறையில் சரி என்றார்கள் என்று விட்டுவிடாமல் தேர்வுக் கட்டுப்பாட்டாளரின் (சி.ஓ.இ.) ஆபீஸ் வரை போய், கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகலைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறுங்கள். வாய்ச்சொல்லாகச் சரி என்றவர் அடுத்த ஆண்டு வேறு பொறுப்புக்குப் போயிருப்பார்.

அரியர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தக் கல்லூரியின் அரியர் தேர்வும் போன இடத்து இன்டர்னலும் ஒரே நாளில் வந்தால் யாரும் தேதியை மாற்றித் தரமாட்டார்கள். முடித்துவிட்டுப் போவது உத்தமம்.

தங்குமிடம். ஒரு செமஸ்டருக்கு மட்டும் வருகிறவருக்கு விடுதியில் இடம் கிடைப்பது அபூர்வம். வீடு என்றால் புரோக்கர்கள் பதினொரு மாத ஒப்பந்தம் கேட்பார்கள். துறையின் சீனியர் அக்காக்களைக் கேட்பதுதான் வழி. அப்படித்தான் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் பின்கட்டு அறை எனக்கு அமைந்தது. வீட்டுக்கார மாமி முதல் நாளே சொல்லிவிட்டார்: “ரெண்டே கண்டிஷன்தாண்டிம்மா. முட்டை உள்ள வரப்படாது. ஒன்பது மணிக்கு மேல கதவைத் திறக்கமாட்டேன்.” இதை முன்பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுவது நல்லது, சிலருக்கு இது ஒத்துவராது, அதில் தப்பில்லை.

கல்லூரி திருச்சி நகருக்குள், ஜாகை ஆற்றுக்கு இந்தப் பக்கம். அது தொந்தரவாக இல்லை. மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரம் பேருந்து நிலையம் வழியாக ஓடும் ஒன்றாம் நம்பர் பஸ் இந்த ஊரின் ரத்த ஓட்டம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் போக்குவரத்துச் செலவே இல்லை. ஊரிலிருந்து வரும்போது மட்டும் கவனம்: வெளியூர் பஸ்கள் பல இப்போது 2025-ல் திறந்த பஞ்சப்பூர் முனையத்தில் நின்றுவிடுகின்றன. ஒன்பது மணிக் கதவு உள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கல்லூரி நாட்காட்டியோடு ஊரின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும் என்பதை ஸ்ரீரங்கத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிசம்பரில் தொடங்கும் செமஸ்டருக்குப் போனால் நேரே வைகுண்ட ஏகாதசிக்குள் போய் இறங்குகிறீர்கள். பகல்பத்து, ராப்பத்து என்று மூன்று வாரம் ஊர் தூங்காது. 2025-ல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று ஒரே ஆங்கில வருடத்தில் ஏகாதசி இரண்டு முறை வந்தது. சொர்க்கவாசல் திறக்கும் நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை கல்லூரி இருக்கும், அன்று ஊருக்குப் போய்விட்டால் வருகைப்பதிவு போகும். எழுபத்தைந்து சதவீத விதியில் விருந்தாளிக்குச் சலுகை கிடையாது. முந்தைய நாளிலிருந்தே வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், சொந்தக்காரர்கள் வந்து மாமி வீட்டுக் கூடம் நிறைந்திருக்கும். மறுநாள் இன்டர்னல் இருந்தால் திருச்சிப் பக்கம் தோழி வீட்டில் ஒதுங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். நேரமிருந்தால் ஒதுங்க வேண்டாம், விடியுமுன் எழுந்து போய்ப் பாருங்கள்.

வகுப்பில் முதல் வாரம் முக்கியம். செய்முறைக் குழுக்களைப் பிரிக்கும்போது புதிதாக வந்தவரைக் கடைசியில் எங்கேயாவது ஒட்டவைப்பார்கள். நாமே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். கையில் கொடுக்க ஏதாவது இருந்தால் சுலபம். என்னிடம் உவர்நிலச் செடிகளின் உலர்மாதிரிகள் சில இருந்தன. அவர்கள் கடலோரம் போயே பார்க்காதவை. அதற்குப் பதிலாக வாழை எனக்குக் கிடைத்தது.

வாழையைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விடமுடியாது. நாம் சாப்பிடும் ரகங்கள் பெரும்பாலும் இரண்டு காட்டு இனங்களின் வாரிசுகள். அவற்றை ஏ, பி என்று குறிப்பார்கள். எந்த ரகத்தில் எது எவ்வளவு என்று கண்டுபிடிக்க சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் 1955-ல் பதினைந்து அடையாளங்களை வைத்து மதிப்பெண் போடும் முறை ஒன்றைக் கொடுத்தார்கள். இலைக்காம்பின் மேல்பள்ளம் விரிந்திருந்தால் ஏ பக்கம், விளிம்புகள் உள்ளே மடிந்து மூடியிருந்தால் பி பக்கம். இப்படித் தண்டின் கருந்திட்டு, பூமடலின் வடிவம் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். புத்தகத்தில் இது ஒரு அட்டவணை. கொள்ளிடக் கரைத் தோப்பில் பூவன் மரத்தையும் மொந்தன் மரத்தையும் அடுத்தடுத்து நிறுத்தி, காம்பை விரலால் தடவிப் பார்த்தால் பரீட்சைக்குப் படிக்கவே வேண்டாம். பூவனில் ஒரு பங்கு பி, மொந்தனில் இரண்டு பங்கு. தோப்புக்காரருக்கு இந்த எழுத்துகள் தெரியாது, ஆனால் எது வறட்சி தாங்கும் என்று கேட்டால் பி கூடுதலாக உள்ளதைத்தான் கைகாட்டுகிறார்.

ஹெர்பேரியத்துக்கு வருவோம். 1967-ல் கே.எம். மாத்யூ என்ற இயேசு சபைத் துறவி தொடங்கியது. சமவெளித் தமிழகத்தின் செடிகொடிகளை ஊர் ஊராகச் சேகரித்து, அதன் அடிப்படையில் தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவரங்கள் பற்றிய பெரிய நூல்வரிசையை 1980-களில் வெளியிட்டார். எங்கள் கல்லூரி நூலகத்தில் அதைப் புரட்டியிருக்கிறேன். அதிலுள்ள படங்களுக்குப் பின்னால் உள்ள செடிகளையே பார்ப்பது வேறு. பிற கல்லூரி மாணவர்கள் துறைத்தலைவரின் கடிதத்தோடு, முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போவதே முறை. தடித்த தாளில் காய்ந்த செடி. வேர் முதல் பூ வரை, நீளமானால் மடக்கித் தைத்தது. வலது மூலையில் சீட்டு: சேகரித்தவர், எண், தேதி, இடம், உயரம், உயிரோடிருந்தபோது பூவின் நிறம். அந்தக் கடைசிக் குறிப்புதான் எனக்குப் பிடித்தது. தாளில் எல்லாமே பழுப்பு. அது ஒரு காலத்தில் ஊதாவாக இருந்தது என்று தெரிவது அந்த ஒரு வரியால்தான். அதைப் பார்த்த பிறகு, களத்தில் நின்றபடியே நிறத்தைக் குறிக்காமல் ஒரு செடியையும் நான் பறிப்பதில்லை.

மாதிரி உலர்த்துவதில்கூட ஊர் பாடம் நடத்தியது. எங்கள் ஊர் வெயிலில் இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்தால் செடி தானாகக் காய்ந்துவிடும். மார்கழியில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே, தாளைத் தினமும் மாற்றாவிட்டால் இலை கறுத்துப்போகும். நீர்ச்செடிகளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, அடியில் தாளைக் கொடுத்து அப்படியே தூக்க வேண்டும்; கையால் எடுத்தால் கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும். மெத்தைக்கு அடியில் நான் அடுக்கியிருந்ததை மாமி ஒரு நாள் பார்த்துவிட்டார்.

“என்னடி இது, குப்பையெல்லாம் படுக்கைக்கு அடியில?”

“குப்பை இல்ல மாமி, ரெக்கார்டு. மார்க்கு உண்டு.”

அடுத்த வாரம் பழைய இங்கிலீஷ் பேப்பர் ஒரு கட்டு அறை வாசலில் இருந்தது. கலர்ப் பக்கம் ஈரத்தை உறிஞ்சாது என்பதை மாமியே கண்டுபிடித்து, கறுப்பு வெள்ளைப் பக்கங்களாகப் பொறுக்கி வைத்திருந்தார்.

திரும்பும்போது செய்ய வேண்டியவை. ஒரு கல்லூரியில் இன்டர்னல் இருபத்தைந்து, எழுத்துத் தேர்வு எழுபத்தைந்து என்றிருக்கும். இன்னொன்றில் பாதிப் பாதி. ஒன்று கிரேடு கொடுக்கும், இன்னொன்று மார்க் கேட்கும். ஆகவே பாடக்குறியீடு, கிரெடிட், இன்டர்னல், எழுத்துத் தேர்வு எல்லாம் தனித்தனியாக உள்ள மதிப்பெண் சான்றையும், அந்த ஆண்டின் சிலபஸ் நகலையும் முத்திரையோடு அங்கேயே வாங்கிவிடுங்கள். நூலக நிலுவை இல்லை என்ற சான்று, வருகைப்பதிவுச் சான்று, நன்னடத்தைச் சான்று என்று மூன்று மேசை ஏற வேண்டியிருக்கும். தேர்வு முடிந்த அன்றே ஆபீஸ் மூடுமுன் தொடங்கிவிட்டால் இன்னொரு பயணம் மிச்சம். சேகரித்த மாதிரிகளில் ஒரு படியை அந்தத் துறைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள், எண்ணை மட்டும் உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டு. ஏபிசி கணக்கில் கிரெடிட் ஏறுவது தேர்வு முடிவு வந்த பிறகுதான். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் யார் என்று கேட்டு, அவரது அலுவலக மின்னஞ்சலை வாங்கி வைத்துக்கொண்டால், ஊரிலிருந்தபடியே நினைவூட்டலாம். கணக்கில் ஏறிய பக்கத்தை அச்செடுத்து, கிளம்புமுன் வாங்கிய ஈட்டுப் பட்டியலோடு சேர்த்து சி.ஓ.இ. ஆபீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.