மின்கல விசிறி: ஒரு செய்முறைப் பாடம்

முன்னுரை

வேனிலின் கொடுமையைச் சென்னைவாழ் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இந்நகரில் வெப்பம் 45 பாகை செல்சியசை எட்டியது. 2012ஆம் ஆண்டிலோ நாள்தோறும் இரண்டு மணி நேர மின்வெட்டையும் சேர்த்தே தாங்கினோம். அந்நாளில் ஒரு நண்பகல், ஆழ்வார்பேட்டையில் நாம் குடியிருந்த அடுக்ககத்தில், முதுமையால் படுக்கையிலிருந்த தாயாருக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தோம். கால்மணி நேரத்தில் கை ஓய்ந்தது. "போதும்பா, கை வலிக்கும்" என்றார் தாயார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டே இருந்தது.

அன்று மாலை அண்டை வீட்டுச் சிறுவன், பள்ளிக்கெனத் தான் செய்த சிறு விசிறியைக் கொணர்ந்து தாயாரின் தலைமாட்டில் வைத்தான். மின்கலம், மின்னோடி, மின்சுற்று என்னும் கலைச்சொற்களை வகுப்பில் விளக்கியிருந்த நாம், அவற்றுள் ஒன்றையேனும் கையால் தொட்டதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அந்நாணத்தின் பயனே இக்கட்டுரை.

விசிறியும் தமிழரும்

முரசுகட்டில் எனத் தெரியாமல் துயின்றுவிட்ட புலவர் மோசிகீரனாரை ஒறுக்காமல், சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவருக்கு விசிறி வீசி நின்ற செய்தியைப் புறநானூற்றின் 50ஆம் பாடல் தெரிவிக்கின்றது. அன்று விசிறியை இயக்கிய ஆற்றல் மன்னனின் தோள்வலிமை. அத்தோளின் பணியை இன்று இரு சிறு மின்கலங்கள் செய்கின்றன. வீசத் தூண்டும் அன்பு மட்டும் மாறவில்லை.

தேவையான பொருள்கள்

பொம்மைகளில் பயன்படும் 3 வோல்ட் சிறு மின்னோடி ஒன்று. சுவர்க்கடிகாரத்தில் இடும் 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, அவற்றை வைக்கும் பெட்டி, சிறு சுவிட்சு, இரண்டு வண்ணக் கம்பிகள், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு சாண் மரப்பலகை. மின்பொருள்கள் அனைத்தும் ரிச்சி தெருக் கடைகளில் கிடைக்கும்.

செய்முறை

முதலாவதாக, பாட்டிலின் மேற்பகுதியை மூடியோடு வெட்டி எடுக்க வேண்டும். அதனைக் கழுத்துவரை ஆறு சம பட்டைகளாகக் கீறி, ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினால் மூன்று இறகுகள் எஞ்சும். அவற்றை வெளிப்புறம் விரித்து, மூன்றையும் ஒரே திசையில் சற்றே முறுக்க வேண்டும். நீளமும் சாய்வும் ஒத்திராவிடின் விசிறி அதிரும்.

இரண்டாவதாக, மூடியின் நட்டநடுவே சூடேற்றிய ஊசியால் துளையிட்டு, மின்னோடியின் அச்சில் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். பின்னர் மின்னோடியைப் பலகைமேல் நிறுத்திய ஒரு மரக்கட்டையில் கட்டுதல் வேண்டும்.

மூன்றாவதாக, ஒரு மின்கலத்தின் நேர்முனை மற்றதன் எதிர்முனையைத் தொடுமாறு பெட்டியில் இட்டால் 3 வோல்ட் கிடைக்கும். ஒரு கம்பியை நேராக மின்னோடிக்கும், மற்றதைச் சுவிட்சு வழியாகவும் இணைத்தால் மின்சுற்று நிறைவுறும்.

காற்று பின்புறம் வீசினால் மனந்தளர வேண்டா. மின்னோடியின் இரு கம்பிகளையும் இடம் மாற்றினால் சுழற்சி திசைமாறி, காற்று முன்னோக்கி வரும்.

அறிவியல் விளக்கம்

மின்னோட்டமுள்ள கம்பியைக் காந்தம் தள்ளும். இவ்விசையால் கம்பியைத் தொடர்ந்து சுழலச் செய்ய இயலும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1821ஆம் ஆண்டில் இலண்டனில் செய்து காட்டினார். நம் மின்னோடியினுள் இருப்பதும் காந்தத்தின் நடுவே அமைந்த கம்பிச்சுருளே.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும். அது வியர்வையை விரைந்து ஆவியாக்குகிறது. ஆவியாகும் நீர் உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கடலோரச் சென்னையில் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வெப்பம் 40 பாகையைக் கடந்தாலோ விசிறியை மட்டும் நம்புதல் கூடாது. முதியோர்க்குக் குடிநீர் அளித்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் அமர்த்துதல் இன்றியமையாதது.

எச்சரிக்கை

இக்கருவியை வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தோடு ஒருபோதும் இணைத்தல் ஆகாது. பழைய மின்கலத்தையும் புதியதையும் கலந்து இடலாகாது. இறகு தடைப்பட்டால் மின்னோடி சூடேறும். உடனே சுவிட்சை அணைக்க வேண்டும்.

நிறைவுரை

இவ்விசிறியின் காற்று ஓரிரு முழத்திற்கு அப்பால் எட்டாது. மின்கலங்களும் சில மணி நேரமே உழைக்கும். ஆயினும், தலைமாட்டில் வைத்த முகத்திற்கு அது போதுமானது. அக்கோடை முழுதும் மின்சாரம் நின்ற பொழுதெல்லாம் நம் தாயார் அச்சிறுவனின் விசிறியையே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். சொல்லைக் கற்பதோடு அச்சொல் சுட்டும் பொருளையும் கையால் செய்து அறிதலே நிறைந்த கல்வியாகும். மாணவச் செல்வங்கள் வரும் வேனில் விடுமுறையில் ஆளுக்கொரு விசிறி செய்து, தத்தம் இல்லத்து முதியோர் ஒருவரின் அருகில் வைப்பார்களாக!