ஆரம்பப் பாடசாலையில் வாசிப்பும் ஆங்கிலமும்

நம் கல்லூரியிற் கற்றுத் தேறியவர்களுள் உபாத்தியாயத் தொழிலை மேற்கொண்டோர் பலர். அவருள்ளும் உயர்தரப் பாடசாலைகளை நாடுவோரே மிகுதி. சிறு குழந்தைகளுக்கு அகரம் கற்பித்தல் எளிய வேலை, அதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை என்பது பொதுவான எண்ணம். யானும் அவ்வெண்ணம் உடையவனாகவே இருந்தேன். ஆரம்பப் பாடசாலை ஒன்றில் மூன்றாம் வகுப்பை ஏற்ற முதல் வாரத்திலேயே அஃது என்னைவிட்டு நீங்கிற்று.

அது 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம். என் வகுப்புப் பிள்ளைகள் 2020-ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் பெயர் பதிவு செய்யப்பெற்றவர்கள். கொரோனா நோயின் பொருட்டு மூடப்பட்டிருந்த தொடக்க வகுப்புக்கள் தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாளன்றே மீண்டும் திறக்கப்பட்டன. ஆகவே, முதல் வகுப்பு என்பதைக் கண்ணாற் காணாமலே இரண்டாம் வகுப்பின் நடுவில் வந்தமர்ந்து, சில திங்களில் மூன்றாம் வகுப்பை எய்திய குழந்தைகள் அவர்கள். முதல் நாள் ஒரு சிறுவன் எழுந்து, ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் விரித்துப் பிடித்து, ஒரு பாட்டைத் தடையின்றி வாசித்தான். அடிதோறும் விரலும் நகர்ந்தது. யான் பெரிதும் மகிழ்ந்து அருகிற் சென்று நோக்கினேன். அவன் விரித்திருந்த பக்கத்தில் இருந்தது வேறொரு பாடம். அதன் முதற் சொல்லைக் காட்டி, 'இஃது என்ன?' என்றேன். அவன் என் முகத்தை நோக்கினான். பின்னர் அதே பாட்டை மறுபடியும் தொடக்கத்தினின்று சொல்லலானான்.

அவன் வஞ்சகன் அல்லன். வாசித்தல் என்பதே அதுதான் என்று அவன் கருதியிருந்தான். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அங்கும் நிலைமை பெரிதும் வேறில்லை. 'படம்' என்பதைப் படத்தின் அருகே கண்டால் வாசிப்பான்; கரும்பலகையில் தனியே எழுதினால் மயங்குவான்.

மனப்பாடத்தை யான் இழித்துரைப்பதாக எவரும் கருதவேண்டா. நம் திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதலிற் செவிவழியாகவே நெஞ்சில் ஏறின. ஆத்திசூடியின் அடிகள் எழுத்து முறையே தொடங்குகின்றன என்பதை நினைவுகூர்க. நெஞ்சில் ஏறிய அடியைப் பின்னர் ஏட்டிற் காணும்போது, செவி அறிந்ததைக் கண் அடையாளம் கண்டுகொள்ளும். மனப்பாடம் அங்கே ஏணியாய் நின்றது. என் மாணாக்கனுக்கோ ஏணி இருந்தது. ஏறிச் சேரவேண்டிய மேல்தளம் ஒன்று உண்டென்பதை எவரும் அவனுக்குக் காட்டவில்லை.

திண்ணைப் பள்ளியைப் பற்றிப் பேச்செழுந்தமையால், நம் நாட்டிற்கும் ஆங்கில நாட்டுப் பாடசாலைகளுக்கும் உள்ள ஒரு பழந்தொடர்பை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். 1789-ஆம் ஆண்டில் ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் தலைமையை ஏற்றார். அங்கே சிறுவர் எழுத்துக் கற்கும் வேகம் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஒரு நாட்காலை, அக்காலத்து ஆங்கிலேயர் 'மலபார் பள்ளி' என்று வழங்கிய நாட்டுப் பள்ளி ஒன்றின் வழியே அவர் சென்றபோது, பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதக் கண்டார். உடனே தம் இல்லத்திலும் அவ்வாறே செய்விக்க விரும்பினார். கீழிருந்த உபாத்தியாயர் அதற்கு இசையவில்லை. ஆதலின், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்புவித்தார். பெரியோர் மறுத்ததைச் சிறுவன் செய்து முடித்தான். பெல் 1796-இல் தாய்நாடு திரும்பி, மறுவருஷம் இலண்டனில் இம்முயற்சியைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயருடன் அஃது ஆங்கில நாட்டிற் பரவிற்று. நமக்கோ அது புதிதன்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையே அங்குக் கடல் கடந்து சென்றான் எனலாம். நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே கூடத்தில் நிறுத்தி ஓதுவித்தபோது அம்முறை உயிரற்ற யந்திரமாயிற்று என்ற குறையும் பிற்காலத்தில் எழுந்தது. ஆயினும் மணல் நல்லது. தாளில் தவறியது கறையாய் நிற்கும். மணலில் தவறியதைக் குழந்தை தானே உள்ளங்கையால் அழித்துவிடும். என் வகுப்பிலும் பழைய தட்டுக்களில் மணல் பரப்பினேன்.

தமிழ் எழுத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 247 எழுத்துக்கள் என்றவுடன் அஞ்சுவோர் உளர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. எஞ்சிய 216-ம் இவற்றின் கூட்டமே. முறையை அறிந்த பிள்ளைக்குச் சுமை சிறிது. மேலும், தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. 'ம', 'ர', 'ம்' என்று தொடர்ந்து சொன்னால் மரம் தானே வந்து நிற்கும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா முதலியவற்றின் தனி வடிவங்களும், ணை, லை முதலியவற்றின் துதிக்கையும் நீங்கின. எனக்குக் கற்பித்த பெரியவர்கள் அவற்றைத் தனியே உருப்போட்டவர்கள். எனினும் ஓர் இடர் நிற்கின்றது. 'கெ' என்பதில் ஒலிப்புக்குப் பின்வரும் உயிரின் குறி எழுத்துக்கு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதிலோ இருபுறமும் நின்று மெய்யைச் சிறைப்படுத்துகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகும் குழந்தை அங்கே திகைப்பது இயல்பு. கொம்பையும் எழுத்தையும் தனித்தனி அட்டைகளில் எழுதி, சேர்த்தும் பிரித்தும் காட்டியபோதே என் பிள்ளைகளின் மயக்கம் தெளிந்தது.

அவ்வாண்டிலேயே அரசினர் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் செய்தனர். அதனால் எனக்கு விளைந்த பெரும் நன்மை ஒன்று: மூன்றாம் வகுப்பில் அகரம் கற்பிப்பது வெட்கத்திற்குரிய செயல் என்ற எண்ணம் ஒழிந்தது.

இனி ஆங்கிலம். இங்கே என் பிழையையும் மறையாது உரைப்பேன். பிள்ளைகள் விரைவில் வாசிக்கவேண்டும் என்னும் ஆசையால், ஆங்கிலச் சொற்களின் தலைமேல் அவற்றின் ஒலியைத் தமிழ் எழுத்தால் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வகுப்பு முழுதும் கலகலவென்று வாசித்தது. வந்து பார்த்தோர் பாராட்டினர். ஒரு நாள் அத்தமிழ் வரிகளை அழித்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். ஒரு குரலும் எழவில்லை. அவர்கள் கண் ஒருபோதும் கீழ்வரியில் விழவேயில்லை.

அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. வௌவாலைக் குறிக்கும் சொல், தீயது என்று பொருள்படும் சொல், மெல்லத் தட்டுதலைக் குறிக்கும் சொல், தாட்கட்டைக் குறிக்கும் சொல் ஆகிய நான்கையும் தமிழில் எழுதிப் பாருங்கள். நான்கும் 'பேட்' என்றே முடியும்! இதனை எழுதும் யானும் இடர்ப்படுகின்றேன்: ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும் 'பி', பதினாறாம் எழுத்தும் 'பி', நான்காவதும் 'டி', இருபதாவதும் 'டி'.

ஆனால் அவ்வொலிகள் நம் பிள்ளைகளின் வாயில் இல்லாதவை அல்ல. 'பல்' என்னும் சொல்லின் பகரத்தையும் 'அம்பு' என்னும் சொல்லின் பகரத்தையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்க்க. முன்னதில் அதிர்வில்லை, பின்னதில் உண்டு. முன்னது பதினாறாம் எழுத்தின் ஒலி, பின்னது இரண்டாம் எழுத்தின் ஒலி. அங்ஙனமே 'பட்டு', 'வண்டி' என்பவற்றின் டகரங்கள். 'பாக்கு', 'சங்கு' என்பவற்றின் ககரங்கள். தமிழில் இடம் நோக்கித் தானே மாறும் ஒலியை ஆங்கிலம் தனி எழுத்தால் எழுதுகின்றது, வேறுபாடு அவ்வளவே. இதனை யான் சொன்ன நாளில் நாற்பது சிறுவிரல்கள் தொண்டையைத் தடவிக்கொண்டு 'அம்பு, பல், அம்பு, பல்' என்று முழங்கின. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்து, 'என்ன சார், எல்லாருக்கும் தொண்டை வலியா?' என்று கேட்டார்.

அடுத்த இடர் எழுத்தின் பெயர். 'சி-ஏ-டி கேட்டு, கேட்டு என்றால் பூனை' என்னும் முழக்கம் இன்றும் பல வகுப்புக்களிற் கேட்கிறது. சீ, ஏ, டீ என்னும் மூன்றையும் எவ்வளவு விரைவாகச் சேர்த்தாலும் பூனை வாராது. ஆதலின் பெயரை ஒத்திவைத்து ஒலியை முதலிற் கற்பித்தேன். இதிலும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு தனித் தடை உண்டு. மெய்யைக் கண்டவுடன் அதனோடு அகரத்தையேனும் இறுதியில் உகரத்தையேனும் கூட்டிச் சொல்வது நம் வழக்கம். 'புக்கு', 'பஸ்ஸு' என்பன அங்ஙனம் பிறந்தவை. யான் சொன்னது இதுவே: 'ஆங்கிலத்து மெய்யெழுத்து எல்லாவற்றின் தலையிலும் கண்ணுக்குத் தெரியாத புள்ளி ஒன்று உண்டு.' இவ்வொரு வாக்கியம் அவ்வாண்டில் யான் கற்பித்த பிறவெல்லாவற்றினும் மிகுதியாகப் பயன்பட்டது எனலாம். தமிழில் மெய்யும் உயிரும் கூடுவதை அறிந்த பிள்ளை, ஆங்கிலத்தில் அவை கூடாமல் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டுகொள்கிறது.

இதனால், தமிழில் வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு ஆங்கில வாசிப்பைத் தொடங்குதல் கூடாது என்பது என் துணிபு. ஆங்கிலம் பேசவும் கேட்கவும் முதல் வகுப்பிலேயே தொடங்கலாம். பாட்டும் விளையாட்டும் அதற்குப் போதும். எழுத்து மட்டும் சிறிது பொறுக்கவேண்டும். 2012-க்குப் பின் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியுள்ளமையால் இக்கருத்துக்கு எதிர்ப்புண்டு என்பதை அறிவேன். நான் முன்னர்க் கூறிய சிறுவனின் தாயார் கட்டட வேலைக்குச் செல்பவர். ஒரு மாலை வேலைக்களைப்போடு வந்து நின்று, 'சார், மத்த பிள்ளைங்க எல்லாம் இங்கிலீஷ் வாசிக்குது. இவனுக்கு மட்டும் ஏன் சார் இன்னும் அ, ஆ?' என்று கேட்டார். என் கொள்கை அப்போது மிகவும் சிறியதாய்த் தோன்றிற்று. தீபாவளிக்குப் பின் ஆங்கில எழுத்தைத் தொடங்கிவிடுவேன் என்று வாக்களித்தேன். அவர் நம்பினாரோ இல்லையோ, மறுபேச்சின்றிச் சென்றார்.

ஒலிமுறை ஆங்கிலம் முழுவதற்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுத்து இருபத்தாறு, ஒலியோ நாற்பதுக்கு மேல். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவிய பின் எழுத்து மெல்ல உறைந்தது; வாய்ப்பேச்சு மாறிக்கொண்டே சென்றது. ஆதலின் 'ஸெட்', 'வாஸ்' முதலிய சிறு சொற்களைப் படம்போல் முழுமையாகவே பழக்கவேண்டும். நாளைக்கு ஒரு சொல் போதும்.

அச்சிறுவனைப் பற்றிக் கேட்பீர்கள். தீபாவளிக்கு முன்னரே தமிழ்ப் பாடங்களைத் தட்டுத் தடுமாறி வாசித்தான். மார்ச் மாதத்தில், அவன் அதுவரை பாராத மூன்று ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதினேன். அவற்றுள் ஒன்று பொருளற்றதாக யானே புனைந்தது. தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு மூன்றையும் ஒலித்துவிட்டு, 'சார், நடுவுல இருக்கிறதுக்கு என்ன சார் அர்த்தம்?' என்றான். 'அதற்கு அர்த்தம் இல்லை' என்றேன். 'அப்ப ஏன் சார் எழுதினீங்க?' என்று கேட்டான். அன்று மாலை அவன் தாயாரை வரச்சொல்லி, அவர் கண்முன்னே புத்தகத்தின் நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து அவன் கையிற் கொடுத்தேன்.