கோயிற்காடு கற்பிக்கும் மரப்பாடம்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து முடிந்துவிடும். அதன் பின் வரும் நெடிய வறட்சியை, நீர் ஊற்றுவாரின்றித் தாங்கும் மரங்கள் எவை? இதை அறிய விரும்பும் நிலச்சுவான்தார், கன்றுகளை விலைக்கு வாங்குமுன் அருகிலுள்ள கோயிற்காட்டைச் சுற்றிப் பார்ப்பது உத்தமம். அது ஊராருக்குப் பொதுவான மரத்தோட்டம். சுள்ளியும் ஒடிக்கலாகாது என்னும் கட்டுப்பாட்டினால் அங்கே பழைய மரங்கள் நிலைத்திருக்கின்றன.

அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டி, திண்டுக்கல் மாவட்ட எல்லைக்குள் அமைந்த காசம்பட்டி வீரகோயில் காடு இதற்குத் தக்க உதாரணம். இதன் பரப்பு 4.97 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கருக்குச் சற்று அதிகம். 2025 மார்ச்சு மாதத்தில் இது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டில் இவ்வாறு அறிவிக்கப்பெற்ற முதல் தலமாகும். காசம்பட்டிக் காட்டைச் சுற்றி மாந்தோப்புகள் உள்ளன. மாம்பூவை நாடும் ஈக்களும் வண்டுகளும் இத்தகைய காடுகளில் தங்கிப் பெருகுவதால் தோப்புக்காரருக்கும் ஆதாயமுண்டு.

சென்று பார்க்கும் முறை

பங்குனி, சித்திரை மாதங்களே தகுந்த காலம். மழைக்காலத்தில் எல்லா மரமும் பசுமையாகவே தோன்றும். வெயிற்காலத்திலேதான் மரத்தின் வலிமை வெளிப்படும். தனியே செல்வதினும் நண்பர் ஒருவரை உடனழைத்துச் செல்வது நன்று. ஒருவர் மரம் அறிந்தவராகவும் மற்றவர் நிலம் அறிந்தவராகவும் இருப்பின் இருவரும் பயனடைவர். ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல் மெல்ல நடந்து பின்வருவனவற்றைக் கவனிக்க.

1. மேட்டில் நிற்பது எது, ஓடைக்கரையில் நிற்பது எது என்று குறித்துக்கொள்க. நம் பக்கத்தில் உசிலையும் வேம்பும் வறண்ட மேட்டைத் தாங்கும். புங்கும் நாவலும் ஈரம் நாடும். மருது ஆற்றோரத்து மரம்.

2. சருகை விலக்கி மண்ணை விரலால் தொட்டுப் பார்க்க. பின்பு வெளியே வெட்ட வெயிலிற் கிடக்கும் மண்ணைத் தொடுக. நிறத்திலும் ஈரத்திலும் உள்ள வேற்றுமை தானே விளங்கும்.

3. சீமைக் கருவேல் எங்கே நிற்கிறதென்று காண்க. வெயிலை விரும்பும் அம்மரம் அடர்ந்த நிழலிற் செழிப்பதில்லை; மரம் அழிந்த வெற்றிடத்திலேயே குடிபுகும்.

நிலத்திற் கையாளும் வகை

என்னுடன் வந்த நண்பர் ஒருவர், "வரப்பு மரங்களை வெட்டிவிட எண்ணியிருக்கிறேன். நிழலில் நெல் விளையாதே, ஐயா!" என்றார். அவர் கூறியது உண்மையே. ஆயினும் குறை மரத்தினுடையதன்று, நட்ட இடத்தினுடையது. ஐப்பசி முதல் தை வரையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். தென் வரப்பிலுள்ள மரம் நம் பயிரை மறைக்கும். வட வரப்பிலுள்ள மரம் மறைக்காது. வடபுறத்தில் வாய்க்காலோ பாதையோ இருப்பின் அயலாருக்கும் இடையூறில்லை. நண்பர் தென் வரப்பு மரங்களின் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, மற்றவற்றை நிறுத்திக்கொண்டார்.

புங்கு, உசிலை ஆகியவற்றின் தழையை நடவுக்கு முன் வயலில் மிதித்துவிடலாம். வேப்பம் பருப்பு 5 கிலோவை இடித்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளித்தால் பல பூச்சிகள் கட்டுப்படும். வேப்பங்கொட்டையின் முளைப்புத் திறன் சில வாரங்களில் குன்றுமாதலால், பழம் உதிர்ந்தவுடன் விதைக்க வேண்டும். கன்றுகளை ஒன்றரை அடிக் குழியில், புரட்டாசிக் கடைசியில் நடுக. காட்டிற்குள் விதை பொறுக்கலாகாது. ஊர்ப் பெரியோரின் சம்மதம் பெற்று எல்லைக்கு வெளியே விழுந்தவற்றைச் சேகரிக்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

2002-ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி, உள்ளாட்சி மன்றங்களைக் கலந்து மாநில அரசு இத்தகைய இடங்களைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். ஆகவே தத்தம் கிராமத்துக் கோயிற்காட்டின் எல்லைக் கற்களையும் மரங்களையும் கணக்கெடுத்துக் குறித்து வைத்தல் நலம். எல்லை தெரியாத காடு ஆண்டுதோறும் ஓரோர் உழவுசாலாகக் குறைந்துபோகும். பல தலைமுறைகள் காத்த மரத்தை வெட்ட ஒரு பகற்பொழுது போதும். அதை மீண்டும் வளர்க்க நம் ஆயுட்காலம் போதாது.