கணக்கைக் காப்போம், காசைக் காப்போம்

கடையில் சரக்கு களவு போனால் மறுபடியும் கொள்முதல் செய்துகொள்ளலாம். கணக்கு போய்விட்டாலோ, யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதே தெரியாமற் போகும். வாங்கிய கடனை ஒருவர் மறுத்தால், அவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் நம் கையில் இராது.

நமது துறைமுகம் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று வழங்கிய காலத்தில், அதாவது 1972-க்கு முன்னர், சிட்டையும் பேரேடும்தான் கடையின் உயிர்நாடி. இரவில் கடையடைக்கும்போது அவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் கணக்கப்பிள்ளை வீடு திரும்பமாட்டார். இன்று சிட்டை கைப்பேசிக்குள்ளும் பேரேடு கணினிக்குள்ளும் போய்விட்டன. ஆனால் அந்தப் பூட்டும் ஒழுங்கும் கூடவே போயினவா என்று நாம் ஒவ்வொருவரும் நமது கடையைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எவற்றைக் காக்கவேண்டும்?

முதலில் ஒரு பட்டியல் எழுதுவோம். நிலுவைக் கணக்கு, கொள்முதல் விற்பனைச் சிட்டைகள், வங்கி அறிக்கைகள், கடை வாடகை ஒப்பந்தம், வியாபாரப் பதிவுப் பத்திரம், உரிமங்கள், சுங்கப் பத்திரங்கள், தொழிலாளர்களின் பாஸ்போர்ட், பெர்மிட் நகல்கள் ஆகியவை அதில் அடங்கும். வருமான வரிச் சட்டப்படி வியாபாரப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் பத்திரப்படுத்தியாக வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தோருக்கு 2016-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமும் அதே 7 ஆண்டுகளை விதிக்கிறது. “கணினி கெட்டுவிட்டது” என்பது வரி அதிகாரியிடம் சொல்லத்தக்க சமாதானம் ஆகாது.

தூரமே பாதுகாப்பு

2021 டிசம்பர் 18-ஆம் தேதியை ஒட்டிப் பெய்த பெருமழையை இவ்வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. வெள்ளம் வடியப் பல நாட்களாயின. அத்தகைய வெள்ளம் ஒரு கடைக்குள் புகுந்தால் என்ன ஆகும்? மேசைமேலிருந்த கணினி நனையும். அதன் மேசையறையில் “பத்திரமாக” வைத்த நகல்வட்டும் நனையும். அலமாரியிலிருந்த காகிதச் சிட்டைகளும் ஊறிக் கூழாகும். மூன்று பிரதிகள் இருந்தும் ஒன்றுகூட மிஞ்சாது. காரணம், மூன்றும் ஒரே அறையில் இருந்தன என்பதே.

மூலப்பிரதி இருக்கும் கூரையின் கீழேயே இருக்கும் நகலை நகலென்று எண்ணலாகாது. வெள்ளம், தீ, திருட்டு ஆகிய மூன்றும் அறையைப் பார்த்து வருகின்றனவேயன்றிப் பொருளைப் பார்த்து வருவதில்லை.

துண்டித்திருப்பதும் பாதுகாப்பே

தூரம் மட்டும் போதுமா? போதாது என்பதற்குக் கப்பல் தொழிலிலேயே ஒரு சான்று உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த மெர்ஸ்க் நிறுவனத்தின் கொள்கலன்களைப் பாராதவர் நம்மூரில் இரார். 2017 ஜூன் 27-ஆம் தேதி ‘நாட்பெட்யா’ என்னும் நச்சு நிரல் அதன் கணினிகளுக்குள் புகுந்தது. அந்த நிரல் புறப்பட்ட வழியோ, உக்ரைன் நாட்டு வியாபாரிகள் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருள்! ரோட்டர்டாம், மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகம் முதலிய இடங்களில் அந்நிறுவனக் குழுமத்தின் முனையங்கள் தடுமாறின. நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி அமெரிக்க டாலர் வரை என நிறுவனமே மதிப்பிட்டது.

கணினிகளுக்கெல்லாம் அனுமதி வழங்கும் தலைமைப் பதிவேட்டை மெர்ஸ்க் பல நாடுகளில் பல பிரதிகளாக வைத்திருந்தது. ஆனால் அவை ஓயாமல் ஒன்றோடொன்று இணைந்திருந்தமையால் ஒருங்கே அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் அவ்வேளை மின்சாரம் தடைப்பட்டுத் தொடர்பு அறுந்திருந்ததால் அங்கிருந்த பிரதி மட்டும் தப்பியது. அதை விமான வழியாக இங்கிலாந்துக்குச் சேர்ப்பித்தே நிறுவனம் மீண்டும் எழுந்தது. மாபெரும் நிறுவனத்தை மின்வெட்டு காப்பாற்றியது தற்செயல். நமது கடையைத் தற்செயலிடம் விட்டுவைக்கத் தேவையில்லை. வேலை முடிந்ததும் நகல்வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டாலே போதும்.

செய்முறை

கணினி வல்லுநர்கள் இதனை 3-2-1 என்று சுருக்கிச் சொல்வர். பிரதிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில் இருக்கவேண்டும், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும். நமது கடைக்கு இது எளிதே. இரண்டு வெளிவட்டுகள் வாங்குவோம். சில நூறு வெள்ளிதான் செலவாகும். ஒன்று கடையிலும் மற்றொன்று வீட்டிலும் இருக்கட்டும். வாரந்தோறும் கணக்கு முடிந்ததும் நகலெடுத்துக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டிலிருந்ததைக் கடைக்குக் கொண்டுவருவோம். முக்கியப் பத்திரங்களைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்து இணையச் சேமிப்பிலும் வைப்போம். கூகுள் கணக்கில் 15 கிகாபைட் இடம் இலவசம். சிறிய கடையின் பத்திரங்களுக்கு அது தாராளம்.

வாட்ஸ்அப்பில் வந்த சிட்டை அங்கேயே கிடக்கட்டும் என்று விடலாகாது. கைப்பேசி கடலில் விழுந்தால் சிட்டையும் விழுந்தது. ஆண்டு, மாதம், வணிகர் பெயர் என்று பெயரிட்டு அன்றன்றே தனிக் கோப்புறையில் சேர்க்கவேண்டும்.

அன்றியும், பிறருடைய அடையாள அட்டை நகல் நம்மிடமிருப்பது அமானிதம். அதைப் பூட்டாத கோப்பில் வைப்பது தகாது. நமது அட்டையின் நகலை ஒருவருக்குக் கொடுக்கும்போது, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று தேதியுடன் அதன் குறுக்கே எழுதிக் கொடுப்பது நலம்.

பணம் அனுப்புமுன்

இன்றைய திருடர் பூட்டை உடைப்பதில்லை, கடிதம் எழுதுகிறார். நமக்குச் சரக்கனுப்பும் வணிகரின் மின்னஞ்சலுக்குள் நுழைந்து, நமக்கு விலைச்சிட்டை வரும் நாள்வரை காத்திருக்கிறார். பிறகு, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய எண்ணுக்கு அனுப்புக” என்று அவ்வணிகர் எழுதுவதுபோலவே எழுதுகிறார். அவ்வாறு கடிதம் வந்தால், அதில் கண்ட எண்ணை விட்டுவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே உள்ள பழைய தொலைபேசி எண்ணில் அழைத்து, அவர் குரலைக் கேட்ட பின்னரே பணம் அனுப்பவேண்டும். அறிமுகமில்லாத கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதிக்கலாம், கட்டணமில்லை. அங்கே புகார் இல்லை என்று வந்தாலும் அது நற்சான்றாகிவிடாது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

சரக்கெடுப்பவர் கைப்பேசியில் காட்டும் வங்கிச் சீட்டின் படத்தை நம்பிச் சரக்கை ஏற்றிவிடலாகாது. படத்தை யாரும் திருத்தலாம். நமது வங்கிக் கணக்கில் பணம் வரவாகியிருக்கிறதா என்று பார்த்தே சரக்கை விடவேண்டும். கல்யாண அழைப்பு என்றும் தள்ளுபடி என்றும் சொல்லி வரும் ஏ.பி.கே. கோப்புகளைத் திறத்தலும் ஆகாது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வெவ்வேறு கடவுச்சொற்கள் இருக்கட்டும். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சோதனையும் வேண்டும்.

பணம் மோசம் போய்விட்டதென்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்கவேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் கைமாறிக் கைமாறி ஓடுமுன் மடக்குவதற்குச் சொற்ப நேரமே இருக்கும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

திருட்டு மென்பொருளில் மிச்சம் பிடிப்பது மிச்சமன்று. அது சட்டத்துக்கும் விரோதம். நச்சு நிரலுக்கும் வாசல். லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருள் முறைப்படியே இலவசம். கணக்குத் தாள், கடிதம் இரண்டுக்கும் அது போதும், எக்செல் கோப்புகளையும் திறக்கும், தமிழிலும் கிடைக்கிறது. பெரிய நிறுவனங்களிடம் 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கிப் படிப்படியாக விரிந்த மின் விலைச்சிட்டை முறைக்கும், வருமான வரி வாரியத்தின் ‘மைஇன்வாய்ஸ்’ தளம் கட்டணமின்றியே இருக்கிறது. விலை உயர்ந்த மென்பொருளை ஒருவர் விற்க வந்தால், முதலில் இதைப் பார்த்துவிட்டு விடை சொல்வோம். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதில் வங்கி அலுவல் பார்ப்போர் கணினியைப் புதுப்பிக்கும் செலவைத் தள்ளிப்போடலாகாது.

இவ்வாரப் பயிற்சி

ஒன்று: மேலே சொன்ன பட்டியலைக் காகிதத்தில் எழுதுக. இரண்டு: ஒரு நகலெடுத்துக் கடைக்கு வெளியே கொண்டு செல்க. மூன்று: அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து, சென்ற மாத நிலுவைக் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க. திறந்து பாராத நகல், எண்ணிப் பாராத பணக்கட்டு போன்றது.

இம்மூன்றுக்கும் ஒரு மாலைப்பொழுது போதும். கணக்குப் பார்க்கும் பிள்ளையையும் கூட உட்காரவைத்துச் செய்வோம். நாம் ஊரில் இல்லாத நாளில் கடையை மீட்க வேண்டியவர் அவரே அன்றோ!